வலியில்லாக் கட்டி

தமிழில் 'கட்டி' என்பது இனிய சொற்களுள் ஒன்று. வெல்லக்கட்டி, கற்கண்டுக்கட்டி, தங்கக்கட்டி, பனிக்கட்டி என நாம் வழங்கும் தொடர்களில் அச்சொல் இறுகித் திரண்ட பொருளைக் குறிக்கின்றது. தாய் தன் மகவைச் சீராட்டுங்கால் அவள் நாவில் எழுவதும் இச்சொல்லே. ஆயின் அதே சொல் உடலைக் குறித்து வருமாயின் கேட்போர் உள்ளம் திடுக்குறுகின்றது. குளிக்கும்போதோ ஆடை மாற்றும்போதோ, கழுத்திலோ அக்குளிலோ மார்பிலோ தொடையிலோ, நேற்றுவரை அறியாத ஒரு திரட்சி விரலில் தட்டுப்படுகின்றது. அது யாது? எவரிடம் கூறுவது? எத்தனை நாள் பொறுத்திருப்பது? இவ்வினாக்களுக்கு விடைகாண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுதுவோன் மருத்துவன் அல்லன், தமிழாசிரியன். ஆதலின் மருந்து எதனையும் இங்கு எடுத்துரைக்கவில்லை. மருத்துவர் வாயில்வரை செல்லும் வழியை மட்டுமே கூறுகின்றேன்.

பெயர்களும் பொருளும்

நம் முன்னோர் உடலில் எழும் திரட்சிகளையெல்லாம் ஒரே பெயரால் அழைத்தாரல்லர். தோலின்மேல் சிறிதாக எழுவது பரு; நீர் கோத்து நிற்பது கொப்புளம்; பல வாய் வைத்துச் சீழ் வடிப்பது பிளவை; வலியின்றி மெல்ல வளர்வது கழலை; காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடையிடுக்கில் திரள்வது நெறி; கழுத்தைச் சுற்றி மணி கோத்தாற்போல் வரிசையாகத் தோன்றுவது கண்டமாலை. ஒவ்வொரு பெயரிலும் ஓர் உற்றுநோக்கல் அடங்கியிருத்தலைக் காணலாம்.

நெறி கட்டுதல் என்பதனை எடுத்துக்கொள்வோம். புண் இருப்பது காலில். திரட்சி எழுவதோ தொடையிடுக்கில். இவ்விரண்டிற்கும் தொடர்புண்டு என்பதனைச் சிற்றூர்ப் பாட்டிமாரும் அறிந்திருந்தனர். இன்றைய மருத்துவம் அதற்குரிய காரணத்தை விளக்குகின்றது. உடலெங்கும் நிணநீர்க் கணுக்கள் பரவிக் கிடக்கின்றன. அவை கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் காவற்சாவடிகள். பல்லில் சீழ் வைத்தால் தாடையின் கீழும், தலையில் புண் வந்தால் பிடரியிலும், கையில் காயம் பட்டால் அக்குளிலும் அக்கணுக்கள் வீங்கும். காரணமான புண் ஆறியபின் அவை இரண்டு மூன்று வாரங்களில் தாமே சுருங்கும். அவ்வாறு சுருங்காவிடினும், அருகில் புண் ஒன்றும் இல்லாதிருக்கவே வீங்கினும், அதனை நெறி என்று கூறி அமைதியடைதல் கூடாது.

பிளவை என்பது மற்றொரு வகை. இது பெரும்பாலும் பிடரியிலும் முதுகிலும் தோன்றும்; சர்க்கரை நோய் உடையோரை நாடி வருவது. சிலருக்குத் தம் குருதியில் சர்க்கரை மிகுந்துள்ளது என்பதே பிளவை வந்த பின்னர்தான் தெரியவருகின்றது. இதற்கு நாள் பார்த்துக் காத்திருத்தல் தகாது. அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

கண்டமாலை என்பதன் பின்னால் ஒரு நெடிய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் இந்நோயை மன்னர் தொட்டால் தீரும் என்று பன்னூறு ஆண்டுகள் நம்பினர். ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் குழந்தையாக இருந்தபோது, 1712-ஆம் ஆண்டில், அன்னி அரசியார் தொடுவதற்காக இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அரசியார் தொட்டார், நோய் தீரவில்லை. 1882-இல் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின்னரே கண்டமாலை என்பது பெரும்பாலும் கழுத்துக் கணுக்களைப் பற்றிய காசநோயே என்னும் உண்மை தெளிவாயிற்று. காசநோய் நுரையீரலுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் பலர். இருமலே இல்லாத இளைஞர் ஒருவருக்குக் கழுத்தில் காசநோய் இருக்கலாம். நம் நாட்டில் நெடுநாள் நிற்கும் கழுத்துக் கட்டிக்கு முதன்மையான காரணங்களுள் இதுவும் ஒன்று. கவனியாது விட்டால் கணு உடைந்து, சீழ் வடிந்து, ஆறாத வடுவாக நிற்கும். கண்டறிந்தால் ஏறத்தாழ ஆறு திங்கள் மருந்துண்டு குணமடையலாம். அரசு நிலையங்களில் அம்மருந்து கட்டணமின்றிக் கிடைக்கின்றது. மருந்துண்ணும் காலத்தில் கணு சிலபோது முன்னிலும் பெரிதாகத் தோன்றுவதுண்டு. மருந்து பயன்தரவில்லை என்று கருதி இடையில் நிறுத்துவோர் உளர். மருத்துவரைக் கேளாமல் அவ்வாறு செய்தல் பெருந்தவறு.

இனி எல்லோரும் அஞ்சும் பெயருக்கு வருவோம். கிரேக்க மருத்துவர் அந்நோயை நண்டு என்றனர். அரபு மொழியில் 'ஸரத்தான்' என்னும் ஒரே சொல் நண்டையும் இந்நோயையும் குறிக்கின்றது. கட்டியைச் சுற்றிப் புடைத்து ஓடும் நரம்புகள் நண்டின் கால்களைப்போல் தோன்றின என்பர். தமிழரோ புற்று என்றனர். மண்ணுக்குமேல் காண்பது சிறிது. உள்ளே ஓடும் வழிகள் பல. நண்டினும் புற்றே பொருத்தமான உவமை என்பது என் கருத்து. தமிழாசிரியனுக்குரிய சார்பு இதில் இருக்கலாம்.

இந்நோய் பற்றி ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் வாழ்ந்த அறுவை மருத்துவ அறிஞர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, கி.பி. 1000 அளவில் நிறைவுற்ற தம் 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலில் ஒரு செய்தி கூறியுள்ளார். மார்பு, தொடை போன்று முழுமையாக அகற்றத்தக்க இடத்தில், தொடக்க நிலையில், சிறிதாக இருக்கும்போது இக்கட்டியை அறுத்தெடுக்கலாம். நாட்பட்டுப் பெரிதாகிவிட்டால் அதனை அணுகவேண்டா, அந்நிலையில் எவரையும் தாம் குணப்படுத்தியதில்லை என்பது அவர் கூற்றின் சாரம். மயக்க மருந்தும் கதிர்வீச்சும் அறியாத காலத்தில் எழுதப்பட்டது அது. நாட்பட்ட நோய்க்கும் இன்று செய்யத்தக்கவை பல உள்ளன. எனினும் சிறிதாக இருக்கும்போதே காணல் வேண்டும் என்ற அவர் கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை.

வலி என்னும் பொய்க்கோல்

கட்டியைக் கண்டவர் பலரும் முதலில் கேட்கும் கேள்வி, 'வலிக்கிறதா?' என்பதே. இல்லையென்றால், 'அப்படியானால் ஒன்றுமில்லை' என்பது உடனே வரும் தீர்ப்பு. இத்தீர்ப்பினால் இழந்த உயிர்கள் பல. சீழ்க்கட்டி வலிக்கும்; சிவக்கும்; சுடும். மூன்றாம் நாளே நம்மை மருத்துவரிடம் ஓடச்செய்யும். வலி அங்கே ஒரு காவலன்போல் நின்று கூவுகின்றது. மார்பகப் புற்றும், நிணநீர்க் கணுப் புற்றும், விதைப்பையில் தோன்றும் புற்றும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கூவ ஆளின்மையால் வீட்டார் உறங்குகின்றனர்.

இதனால் வலியுள்ள கட்டிகள் எல்லாம் தீங்கற்றவை என்று கொள்ளுதலும் பிழையாம். எலும்பில் எழும் புற்று வலிக்கும். அதிலும் இரவில் மிகுதியாக வலிக்கும். ஆகவே வலி உண்டு, இல்லை என்பதனை அளவுகோலாகக் கொள்வதனையே நாம் கைவிடல் வேண்டும். மருத்துவர் கருதிப் பார்ப்பன வேறு. கட்டி கல்லைப்போல் கடினமாக உள்ளதா? தோலோடோ உள்ளிருக்கும் தசையோடோ ஒட்டி அசையாது நிற்கின்றதா? வளர்கின்றதா? ஆழத்தில் உள்ளதா? காரணமின்றி எடை குறைகின்றதா? இரவில் ஆடை நனைய வியர்க்கின்றதா? காய்ச்சல் விட்டுவிட்டு வருகின்றதா? இவற்றுள் ஒன்றேனும் உண்டெனில் தாமதியாது செல்லவேண்டும். ஒன்றும் இல்லாவிடினும், புதிதாகத் தோன்றிய கட்டி இரண்டு வாரம் கடந்தும் மறையவில்லையெனில் காட்டிவிடுதல் வேண்டும்.

அந்த இரண்டு வாரத்தைச் சரியாக எண்ணுதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கட்டியைக் கண்ட நாளை நாட்காட்டியில் குறித்து, அதன் அளவை மிளகு, கடலை, நெல்லிக்காய், எலுமிச்சை என்று நாமறிந்த பொருளால் எழுதிவைத்தல். 'கொஞ்ச நாளாக இருக்கிறது' என்று கூறும் நோயாளியினும், 'ரமலான் பிறை பார்த்த மறுநாள் கடலையளவு இருந்தது; இப்போது நெல்லிக்காயளவு' என்று கூறுபவர் மருத்துவருக்குப் பேருதவி செய்கின்றார்.

காணும் இடம்

பெண்களின் மார்பில் தட்டுப்படும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்று அல்ல. கல்லூரிப் பருவத்துப் பெண்களிடம் காணப்படுவது, விரலுக்கு அகப்படாமல் நழுவி ஓடும் தீங்கற்ற நார்க்கட்டியே ஆகும். ஆயினும் இன்னதென்று முடிவு செய்யவேண்டியவர் மருத்துவர். தோழியரோ அண்டை வீட்டாரோ அல்லர். தோல் ஆரஞ்சுப் பழத்தோல்போல் குழிந்து தடித்தல், காம்பு புதிதாக உள்ளிழுத்தல், காம்பில் குருதி கசிதல், அக்குளில் திரட்சி ஆகியன கட்டி தெரியாதபோதும் கவனிக்கத்தக்கவை. ஆடவர்க்கும் மார்பகப் புற்று வருவதுண்டு. அரிதென்பதனால் அவர்கள் இன்னும் காலம் தாழ்த்தி வருகின்றனர்.

கையால் தொட்டுப் பார்க்கும் சோதனையின் பயனை நம் நாட்டிலேயே ஆராய்ந்துள்ளனர். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998-இல் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் மார்பைப் பயிற்சி பெற்ற பெண் நலப்பணியாளர் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தனர். 2021-இல் வெளிவந்த முடிவின்படி, அப்பிரிவில் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. 50 வயது கடந்தோரிடையே அந்நோயால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையோரிடம் இறப்பில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றிப் பயின்ற விரல்கள் செய்த பணி இது.

கழுத்தின் முன்புறக் கட்டி, எச்சில் விழுங்கும்போது மேலேறி இறங்குமாயின் அது தைராய்டுச் சுரப்பியைச் சார்ந்தது. அயோடின் குறைவால் எழும் முன்கழுத்துக் கழலையைத் தடுக்க நம் அரசு 1962-இலேயே தனித்திட்டம் வகுத்தது. இன்று நாம் உண்ணும் அயோடின் கலந்த உப்பு அதன் பயன். கழுத்தின் பக்கவாட்டில் கடினமான கட்டி தோன்றினால், அதிலும் வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் பெரியவர்க்குத் தோன்றினால், வாயைத் திறந்து நாவின் ஓரத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் காட்டவேண்டும். ஆறாத சிறுபுண் ஒன்று அங்கே இருக்கக்கூடும். காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் எழும் கட்டி எத்துணைச் சிறிதாயினும் பொறுத்திருக்கத்தக்கதன்று. இடப்பக்கத்தில் எழுவது வயிற்றினுள் உள்ள நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

தொடையிடுக்கில் இருமும்போது பெருத்துப் படுக்கும்போது மறையும் வீக்கம் குடலிறக்கம். அது உள்ளே செல்லாமல் நின்று, வலியும் வாந்தியும் தோன்றினால் அன்றிரவே மருத்துவமனை சேரவேண்டும். விடியட்டும் என்று இருத்தல் உயிருக்கு ஊறு செய்யும். மணிக்கட்டில் உருண்டையாக எழும் நீர்க்கட்டி தீங்கற்றது. மேனாட்டில் முற்காலத்தில் அதனைப் பெரிய புத்தகத்தால் ஓங்கி அடித்து உடைப்பார்களாம். தமிழ்த்துறையில் பேரகராதிகள் உள்ளன என்பதற்காக மாணவர் இதனைச் செய்து பார்க்கவேண்டா.

மாணவர்க்குக் கூறவேண்டியவை இரண்டு. விளையாடும் வயதில் முழங்காலுக்கு அருகில் வீக்கம் தோன்றினால், பந்து பட்டது, சுளுக்கிக்கொண்டது என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவுதல் வழக்கம். பத்து முதல் இருபது வயதிற்குள் வரும் எலும்புப் புற்று பெரும்பாலும் அவ்விடத்தில்தான் தொடங்குகின்றது. வாரக்கணக்கில் நீடிக்கும் வீக்கத்தை உருவாமல் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் அறிவுடைமை. இரண்டாவது, விதைப்பையில் தோன்றும் வலியற்ற கடினமான கட்டி. இது முதியோரைக் காட்டிலும் இளைஞரையே மிகுதியாகப் பற்றுவது. முன்னதாகக் கண்டால் ஏறக்குறைய எல்லோரும் குணமடையும் புற்றுநோய்களுள் இது ஒன்று. விடுதி அறையில் எவரிடமும் சொல்லாமல் மறைத்தே இதனை வளர்த்துவிடுகின்றனர்.

குழந்தையின் வயிற்றில் எழும் கட்டியைக் குளிப்பாட்டும் தாயின் கையே பலபோது முதலில் அறிகின்றது. அவள் கூறுவதனைப் புறக்கணித்தல் தகாது.

நாணமும் தாமதமும்

சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 1954-இல் தோன்றியதற்குக் காரணராகிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர். அத்தங்கையின் நோய் தொடக்கத்தில் சீதபேதி என்று பிழையாகக் கருதப்பட்டது. மருத்துவம் கற்ற ஒருவரின் குடும்பத்திலேயே பெயர் தெரியாது காலம் கழிந்ததெனில், ஏனையோரைப் பற்றிக் கூறவேண்டுமோ?

நம் குடும்பங்களில் காலத்தைத் தின்பது அறியாமை மட்டுமன்று, நாணமும் ஆகும். மார்பில் கட்டி கண்ட தாய், மகளின் திருமணம் முடியட்டும் என்று மறைக்கிறாள். மகளோ, வரன் தட்டிப்போகும் என்று மறைக்கிறாள். கணவனிடம்கூடக் கூறாமல் ஓராண்டு கழித்தோர் உளர். பெண் மருத்துவரைத்தான் காண்பேன் என்று விரும்புவது நியாயமே. அரசு மருத்துவமனைகளிலும் அங்ஙனம் கேட்கலாம். உடன் தாயோ தமக்கையோ நிற்கலாம். பெண் மருத்துவர் இல்லாத ஊரில், மருத்துவத் தேவையின் பொருட்டு, தேவையான அளவுக்கு, ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்கு அனுமதி உண்டு என்பதனை மார்க்க அறிஞர்கள் தெளிவாகவே கூறியுள்ளனர். இதனைப் பெரியோர்கள் இல்லத்துப் பெண்டிர்க்கு வாய்விட்டு எடுத்துரைப்பார்களாயின் பல மாதங்கள் மிச்சமாகும். ஆண்கள் தாமாக முன்வந்து, 'நாளை போய்வருவோம்' என்று சொல்வதே அப்பெண்களுக்குப் பாதி மருந்து. பணத்தைக் கருதி அஞ்சுவோர்க்கு அரசு மருத்துவமனைகளோடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் துணையாக உள்ளது.

ஊசியும் கத்தியும்

கட்டியின்மேல் எருக்கம்பால் வைத்தல், சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போடுதல், சூடு போடுதல், பிதுக்குதல், உருவுதல் ஆகிய யாவும் தவிர்க்கத்தக்கவை. தோல் வெந்துபோனால் பின்னர்ச் சோதிக்கும் மருத்துவருக்கும் உண்மை புலப்படாது.

மருத்துவர் முதலில் கையால் பார்ப்பார். பின்னர் இடத்திற்கேற்ப ஸ்கேன் எடுப்பார். ஐயம் நீங்காவிடில் ஊசியால் சிறிது திசு எடுத்து நுண்ணோக்கியில் ஆராயச் செய்வார். இம்மூன்றாம் படியில்தான் நம்மவர் பலர் பின்வாங்குகின்றனர். ஊசி குத்தினால் பரவிவிடும், கத்தி பட்டால் புற்று பொங்கிவிடும் என்பது ஊரெங்கும் வழங்கும் நம்பிக்கை. இது பிறந்த வகையை எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். முன்னாளில் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வந்தனர். அதற்குமுன்பே உடலில் பரவியிருந்த நோய், அறுவை முடிந்த சில திங்களில் வெளிப்பட்டது. கண்டோர் பழியைக் கத்தியின்மேல் ஏற்றினர். ஊசியின் வழியே நோய் பரவுதல் மிக அரிது. நோயின் பெயரறியாது மருத்துவம் செய்வதால் நேரும் தீங்கோ பெரிது. இதற்கு விதிவிலக்காக, விதைப்பையிலுள்ள கட்டியில் மட்டும் ஊசி குத்தாமல், ஸ்கேனும் குருதிச் சோதனையும் செய்து, ஐயம் உறுதியானால் தொடையிடுக்கின் வழியே அறுவை செய்வர்.

இதற்கு நேர்மாறான அவசரமும் உண்டு. 'சிறு கட்டிதானே, வெட்டி எடுத்துவிடலாம்' என்று சோதனை ஏதுமின்றி அறுப்பித்துக்கொள்வோர் உளர். தசையின் ஆழத்தில் உள்ளதும், பெரிய எலுமிச்சையளவு, அதாவது 5 சென்டிமீட்டர் அளவு, வளர்ந்ததுமான கட்டியை அங்ஙனம் அறுத்தல் ஆகாது. அது தசைப்புற்றாக இருப்பின் அரைகுறையாக அகற்றப்பட்டு மீண்டும் வளரும். இரண்டாம் அறுவை முதலதினும் கடினமாகும். மேலும், வெட்டி எடுத்த கட்டி எதுவாயினும் அதனைத் திசு ஆய்வுக்கு அனுப்புமாறு கேட்பது நோயாளியின் உரிமை. அதற்காகும் செலவைக் கருதி, வேண்டா என்று வீட்டாரே கூறிவிடுவதனைக் கேட்டிருக்கிறேன். கட்டி போய்விட்டது, அது யாதென்பது எவருக்கும் தெரியாது என்ற நிலை பின்னாளில் மருத்துவரைப் பெரிதும் இடர்ப்படுத்தும்.

கொழுப்புக் கட்டி, தோலடிக் கழலை என்று ஆய்வில் தெளிந்தால் அதனை அகற்றவேண்டும் என்பதில்லை. உறுத்தினாலோ அழகைக் கெடுத்தாலோ அகற்றலாம். தீங்கற்றதென்ற முடிவு வந்தபின்னும் கட்டி வளர்ந்தால் மீண்டும் காட்டவேண்டும். முதல் ஊசி தவறான இடத்தில் பட்டிருக்கவும் கூடும். ஆய்வறிக்கையைக் குடும்ப அட்டை, பட்டாச் சான்று இருக்கும் பெட்டியிலேயே வைத்துக் காத்தல் நன்று. ஐந்தாண்டு கழித்து வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர்முன் அமரும்போது அவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.